அளவுத் தகடு

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மூச்சு அளக்கும் அறை மூன்றாவது மாடியில்.
ஏறி வந்து சேர்வதே பாதி டெஸ்ட் என்பார் டாக்டர்.
லிஃப்ட் பழுதாகி
இரண்டு தேர்தல் போய்விட்டது.

மைதீன் பாத்து. வயது நாற்பத்தாறு. மேலப்பாளையம்.
"எம்புட்டு நேரம் ஊதணும்?"
ஆறு விநாடி என்றேன்.
"ஆறு விநாடியா, ஒரு பீடிக்குக்கூடக் காணாதே."

ஊதினாள். மூன்றாம் விநாடியில் இருமல்.
மறுபடி ஊதினாள்.
கழற்றிய குழாயில் புகையிலை வாசம்.
பிறந்ததிலிருந்து ஒரு பீடி பற்ற வைத்ததில்லை.

இயந்திரம் துண்டுத்தாள் துப்பியது:
எண்பத்தெட்டு சதவீதம். இயல்பு.

எதில் எண்பத்தெட்டு என்று
பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

ஜெர்மனியிலிருந்து பெட்டி பிரித்த அன்றே
இயந்திரம் கேட்டது: எந்த இனம்?
இந்தியர் என்று பொத்தானை அழுத்தினேன்.
கேட்காமலே பத்து சதவீதம் கழித்துக்கொண்டது.
நம் நெஞ்சுக்கூடு சின்னதென்று
எவரோ எப்போதோ அளந்திருக்கிறார்கள்.
ரேஷன் வரிசையிலா, பஞ்சாலை வாசலிலா,
சாப்பிட்ட ஆளையா, சாப்பிடாத ஆளையா,
கையேட்டில் இல்லை.

பிறகு, நம் வட்டாரத்துக்கு நம் அளவு வேண்டும் என்று
ஓர் ஆய்வு வந்தது. நல்ல விஷயம்தான்.
பணத்தில் பாதி ஒரு பீடிக் கம்பெனியின் அறக்கட்டளை.
சுற்றுவோர் இருநூறு, சுற்றாதோர் இருநூறு.
படிவக் கட்டோடு தெருவில் இறங்கியவன்
நான்தான்.

"தொழில்?"
"சும்மாதான் இருக்கேன்."
மடியில் சொளவு, சொளவில் தூள்,
பக்கத்தில் ஈரச்சாக்கு மூடிய இலை.
"இது மைனி பாஸ்புக்குல போடுதது.
எம் பேருக்கு புக்கு கெடையாது."

படிவத்தில் பாஸ்புக் எண்ணுக்கு ஒரு கட்டம்.
எண் இல்லாதவளுக்குக் குறியீடு நான்கு:
இல்லத்தரசி.
சுற்றாதோர் பட்டியல் ஒரே வாரத்தில் நிரம்பியது.
வெயில் அப்படி. நானும் விவாதிக்கவில்லை.

கட்டுரையின் கடைசி வரி எனக்கு மனப்பாடம்:
இரு பிரிவினருக்கும் இடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
ஓர் எண்ணைக்கூட யாரும் திருத்தவில்லை.
சுற்றாதோர் இருநூறு பேரின் மூச்சைக் கூட்டி வகுத்ததைத்தான்
இன்று இயந்திரத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்:
"அன்னைக்கு எங்க தெருவுக்கு வந்தவுகதானே நீங்க?
கலர் வாங்கிக் குடுத்தேனே, வேண்டாம்னு பாதி வச்சிட்டீக."

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன்.
வரிசை எண் நூற்றுப் பதினேழு. நான்கு.
கையெழுத்து என்னுடையது.

"இயல்புன்னா நல்லதுதானே?"
மற்றவர்களைப் போல இருக்கிறது என்று அர்த்தம்.
"மத்தவங்கன்னா?"
உங்கள் தெரு. பக்கத்துத் தெரு.
கொஞ்சம் யோசித்தாள்.

"இலை வெட்ட ஒரு தகடு வச்சிருப்போம்.
ஓரம் தேஞ்சு போச்சுன்னா
பீடி எல்லாம் குட்டையாத்தான் வரும்.
ஆனா ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கும் பாத்துக்கிடுங்க.
கட்டுக்குள்ள தெரியாது.
கடையில தூக்கிப் போட்டுக் கழிக்கும்போதுதான் தெரியும்."

இதைச் சொல்லி முடிக்க
இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

இறங்கிப் போனாள்.
ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றாள்.
அறைக்குள்ளிருந்தே எனக்குக் கேட்டது.

அடுத்தது முக்கூடல். உச்சிமாகாளி, முப்பத்தொன்று.
தொழில் என்று வாயெடுத்தவன்
விரலைக் காட்டும்மா என்றேன்.
ஆள்காட்டி விரலில்
நூல் அறுத்து அறுத்து விழுந்த பள்ளம்.

அவள் படிவத்தை எட்டிப் பார்த்தாள்:
"இதுக்கு எடம் இருக்கா சார் அதுல?"