புதனும் ஞாயிறும்

ரத்தத்தில் கொழுப்பு முன்னூற்றுப் பன்னிரண்டு.
மெகருன்னிசா டாக்டர் கொடுத்த சீட்டில்
மாத்திரைக்குக் கீழே மீனுக்கும் ஒரு வரி:
வாரம் இரண்டு முறை.
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று
அதற்கு மட்டும் போடவில்லை.

எனக்குத் தெரிந்த மீன்
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில்
எண்ணெயில் ஊறிய ஒரு துண்டு.
அதைத்தான் முதலில் அடித்திருந்தார்.

தொண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும்
ரொசாலியின் கூடையருகே
மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பினேன்,
வங்கியில் என் கூண்டுக்கு எதிரே
கடன் கேட்க வருகிறவர்கள் நிற்பதுபோல.
நாலாம் நாள் அவளே கேட்டாள்:
"வாங்கப் போறியளா, எண்ணப் போறியளா?"

எண்ணுவதுதான் என் வேலை.
இருபத்தாறு வருஷம்
நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன்
செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.
சிவப்பு.
கண் குழியவில்லை.
அமுக்கிய சதை திரும்ப எழுந்தது.
செல்லும்.

"முள்ளு பழக்கந்தானே?"
"ம்" என்றேன்.
விளமீன் விலை கேட்டுப் பின்வாங்கிய கையில்
அரைக் கிலோ சூடை விழுந்தது.

சுத்த சைவம் என்று சொல்லித்தான்
அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டு
எனக்கு வாடகைக்குக் கிடைத்தது.
ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி நாலு கொளுத்தி,
புளியைக் கூட்டி, அடிக்கடி கிளறி,
மீன் எது குழம்பு எது என்று
பிரிக்க முடியாமல் ஆக்கினேன்.
ஆத்தங்குடித் தரையில்
பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஒரு செதில்
ஒட்டிக்கொண்டு மறுநாள் வெயிலில்
பளபளவென்று சாட்சி சொன்னது.
வாடகைக்கு வந்த வீட்டுக்காரர்
மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ரசீதில் தேதியை மட்டும் தப்பாகப் போட்டார்.

மூன்றாவது புதன், இரவு ஒன்பதரை.
தொண்டையில் நின்றுவிட்டது.
போனைத் தள்ளிக்கொண்டே போனேன்:
கேஸ் ஏஜென்சி. மேனேஜர்.
புனேவில் மகன். அவன் எடுத்தாலும்
அங்கிருந்து என்ன செய்வான்.
பணம் அனுப்பிய பட்டியலில் முதல் பெயர்
ரொசாலி, நூற்று அறுபது ரூபாய்.

"விரலை விடாதிய.
சோத்தை உருட்டி முழுங்குண்டு யாராச்சும் சொல்லுவாக,
செஞ்சிராதிய, இன்னும் உள்ள குத்தும்.
முன்னால குனிஞ்சு நல்லா இருமுங்க.
வரலைண்டா பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவ கூப்பிடுங்க."

இருமினேன்.
அவள் பக்கத்தில் கடல் இரைந்தது,
டிவி சீரியலாகவும் இருக்கலாம்.
மறுபடி இருமினேன்.
உள்ளங்கையில் வந்து விழுந்தது,
நோட்டுக்கட்டில் குத்தும் குண்டூசியில்
பாதிகூட இல்லை.

அவள் போனை வைக்கவில்லை.
"பழக்கம்ண்டு ஏன் சொன்னிய?"

என்ன சொல்வது.
ஐம்பத்து நாலு வயதில்
"தெரியாது" என்பதும்
தொண்டையில் நிற்கிற சொல்தான்.

ஞாயிறன்று நான் கேட்காமலே
நடுமுள் மட்டும் உள்ள துண்டுகளாக
விளமீன் நறுக்கிப் போட்டாள்.
பாக்கி எண்பதை
அடுத்த புதனுக்கு எழுதிக்கொண்டாள்,
எழுதப் பேனா என்னுடையது.

திங்கள் காலை கவுண்ட்டரில்
நகைக்கடன் வாங்கின ஒரு பெண்
நான் எண்ணிக் கொடுத்த நோட்டை
எண்ணுவதற்கு முன் மோந்து பார்த்தாள்.
"நேத்து என்ன மீன் சார்?"
"விள."
"மாங்கா போட்டியளா?"
கூண்டுக்குள் இருந்து சொன்னேன்,
கம்பிக்கு வெளியே கேட்கும்படி:
"தெரியலையேம்மா. போடணுமா?"

பின்னால் வரிசையில் நின்ற ஏழு பேருக்கும்
பதில் இருந்தது.
ஏழும் வேறுவேறு.
டோக்கன் பதினாலைக் கூப்பிட
நேரமாகிவிட்டது.