சோஹார், டிசம்பர் ஐந்து

மாடித் தொட்டியில் மிதவை மாற்ற
வெறுங்காலோடு ஏறியிருந்தேன்.
கீழே ஜெர்மன்காரர் வாசலில்
துடைத்து வைத்த நான்கு ஜோடி ஷூ;
ஓரமாய், சிமெண்ட் பூத்த
என்னுடையது.

இறங்குவதற்குள் இருட்டிவிட்டது.
தேள் பயம்.
கவிழ்த்துத் தட்டாமல் கால் நுழைப்பதில்லை.
உருண்டது ஓர் ஆரஞ்சு.
பிறகு வால்நட் இரண்டு,
தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு.

இடம் மாறி விழுந்ததென்று
பக்கத்துச் சின்ன ஷூவில் போடப்போனேன்.
“நோ, நோ!”
ஒற்றைக் காலுறையோடு ஓடிவந்தாள் வீப்கே,
ஆறு வயது.
அளவெல்லாம் பார்க்க மாட்டாராம்
நிக்கோலஸ்.
நாளை ஆறாம் தேதி அவர் நாளாம்;
எனக்குத் தெரிந்தது ஏழு, சம்பள நாள்.

கேம்ப் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
அறையில் பதினோரு பேர்.
உரித்தால், சுளை பத்து.

பைப் ரென்ச்சை எடுத்தேன்,
வால்நட் உடைக்க.