இணைப்பில் இருங்கள்

திருமயம் தாண்டியதும் செய்தி வந்தது:
விமானம் ரத்து. வருந்துகிறோம்.
வண்டியைத் திருப்பச் சொன்னாள் உமையாள்.

பால் வேண்டாமென்று சொல்லியாயிற்று,
வீட்டுச் சாவி மானகிரியில் கொழுந்தனிடம்.
விடிகாலை நாலரைக்கு
கானாடுகாத்தான் ஊரணிக்கரையில் நிற்கிறோம்.
டிக்கியில் கிடக்கிறது கரீபியன்:
பழைய இரும்புக்கடைத் தராசில் நிறுத்து
என் வேட்டி இரண்டை எடுத்துப்போட்டு
இருபத்திரண்டு எண்ணூறுக்குக் கொண்டுவந்த பெட்டி.
துடுப்புக் காலணி மட்டும் மூன்று கிலோ.

துபாய் போனால் போகட்டும்,
ஆம்ஸ்டர்டாமைப் பிடித்தால் போதும் என்கிறாள்.
கொஞ்ச நேரத்தில்
ஆம்ஸ்டர்டாமும் போகட்டும் என்கிறாள்.
பொனேர் படகுக்காரனுக்குக் கட்டிய முன்பணத்தை
இருவருமே பேசவில்லை.

ஸ்பீக்கரில் நாற்பது நிமிடமாக வீணை.
இணைப்பில் இருங்கள்,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

"முங்குறதுக்கா இம்புட்டுத் தூரம்?"
ஓட்டுநர் செவந்தியப்பன் கேட்கிறார்.
ஊரணிப் பலகையைப் பார்க்கிறேன்:
இங்கு குளிக்கக் கூடாது.

வீணை நிற்கிறது.
யாரோ பேசுகிறார்கள்,
உமையாள் ம் கொட்டுகிறாள்,
வியாழன் என்கிறாள், அடுத்த வியாழனா என்கிறாள்,
பிறகு என் பக்கம் திரும்பிக்
கட்டைவிரலை உயர்த்துகிறாள்.

செவந்தியப்பன் சிரித்தபடி
திருச்சிப் பக்கம் வண்டியை ஒடிக்கிறார்.
அவருக்கு எப்படித் தெரியும்,
பாண்டிச்சேரிக் கடலடியில் நாங்கள் படித்த பாஷையில்
அதற்கு அர்த்தம்
போதும், மேலே போய்விடலாம்.