நிமிடத்துக்கு எத்தனை

முதலாம் குறுக்குத் தெருவில் ரிஸ்மி நானாவின் கடை.
பாவித்த கமராக்கள் ஒரு கூடை,
ஒன்று நூற்றைம்பது ரூபா.
"படம் எடுக்காது" என்றார், நேர்மையாக.
எனக்குப் படம் வேண்டாம்.
பிளாஷுக்கு நானூறு வோல்ட் ஏற்றும்
அந்தச் சின்னச் சுருள் போதும்.

ரியூப் உக்ரைனிலிருந்து வந்தது,
ஒரு பேனை நீளம்.
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்தது.
என்ன பொருள் என்று கேட்ட கட்டத்தில்
"வானொலி உதிரிப்பாகம்" என்று எழுதினேன்.
முழுப் பொய்யும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடக்கினேன்.
முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவு
என் பெருவிரலுக்கு மட்டும் அடித்தது.
மூன்றாம் இரவு,
காலி வீதியில் கடைசி பஸ் போன பிறகு,
டிக்.
கொஞ்சம் யோசித்து,
டிக். டிக்.

நிமிடத்துக்கு இருபத்திரண்டு.
வாழைப்பழத்தை வைத்தேன்: இருபத்திரண்டு.
குசினிக் கருங்கல் மேடை: முப்பது.
புல்மோட்டைக் கறுப்பு மணல்,
நண்பன் ஷம்பூப் போத்தலில் கொண்டுவந்தது:
நூற்றுத் தொண்ணூறு.
கேமலதாவின் சாமான் கொப்பியில்
பின்பக்கத்திலிருந்து எழுதி வந்தேன்.
"சீனி முடிஞ்சது தெரியாது,
இது மட்டும் தெரியும்" என்றாள்.

கீழ்வீட்டு வீரக்கோன் கதவைத் தட்டினார்.
மேலே ஏதோ டிக் டிக் என்கிறதே?
இந்த நகரத்தில் அந்தக் கேள்விக்கு
எங்கள் பெயர்க்காரர்
கதவை அகலத் திறந்துவைத்து,
சிரித்தபடி பதில் சொல்லப் பழகியவர்கள்.
ரின்னைத் திறந்து காட்டினேன்.
அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.
இருட்டில் ஒளிரும் பழைய முள்.
எண்ணூறு.
அப்பா தந்தது என்றார்.
திரும்பக் கட்டவில்லை.
வாரைப் பிடித்துத் தொங்கவிட்டபடி
படியிறங்கிப் போனார்.

ஆவணியில் மஹரகமவில்
கேமலதாவின் கழுத்தைத் திறந்தார்கள்.
ஐப்பசியில் ஒரு குளிசை.
ஈயக் கூட்டிலிருந்து
இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார்களாம்.
மூன்று நாள் கழித்து அனுப்பினார்கள்:
தனிக் கோப்பை, தனிப் படுக்கை,
ஆறடி தள்ளி என்று ஒரு துண்டு.

ரின் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.
அணைக்க மறந்திருந்தேன்.
வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே
அது விழித்துக்கொண்டது.
உள்ளே வந்தாள்.
சூடான தாச்சியில் கடுகு.

"நானா?"
"ஓம்."

இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் அவள்.
இந்தப் பக்கம், அதே உயரத்தில், ரின்.
விளக்கணைத்ததும் சுவரில் இரண்டு தட்டு:
எவ்வளவு?
அறுநூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்று நாற்பது.
எட்டு நாளில் பாதி என்கிறது புத்தகம்.
உடம்பு, புத்தகத்தைவிட அவசரக்காரி.

நூற்றுப் பத்து வந்த இரவு
எண்ணிக்கை திடீரென்று ஏறி,
ஏறினபடியே நின்றது.
பிழையென்று வயர்களைத் தொட்டுப் பார்த்தேன்.
பிறகுதான் விளங்கியது:
அவள் இந்தப் பக்கம்
திரும்பிப் படுத்திருக்கிறாள்.
அன்று நான் கொப்பியில் எழுதவில்லை.

பத்தாம் நாள், இருபத்து மூன்று.
"பிழையா எண்ணியிருப்பியள்.
திரும்ப எண்ணுங்கோ."
எண்ணினேன். கடல் பக்கம் ரயில் போனது.
"இருபத்திரண்டு."
சுவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப நான் இனி
வாழைப்பழம்தான்" என்றாள்.