சிலிண்டர் வளையம்

புரட்டாசியின் கடைசி ஞாயிறு.
ஐந்து ரூபாய் நாணயத்தால்
தரையைத் தட்டிக்கொண்டே தவழ்கிறேன்.
ஒட்டிய கல் டக்கென்று முடித்துக்கொள்ளும்.
ஒட்டாத கல்
பேச்சை இழுக்கும்.
கூடத்தில் நான்கு, அடுப்படியில் ஒன்று.
சுற்றிய இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் குழைத்து
காலாவதியான ஏடிஎம் அட்டையால் வழிக்கிறேன்.
பணத்துக்குத்தான் உதவவில்லை,
தண்ணிக்காவது உதவட்டும்.

கம்மியம்பேட்டையில்
கெடிலத்துக்கு முதுகு காட்டி நிற்கும் வீடு.
மழைக்கு ஒருநாள் முன்பே
இங்கே தரைக்கு வேர்க்கும்.
டிவியில் ஒருவர் சுழி வரைந்து காட்டுவதற்குள்
என் குதிகால் வழுக்கியிருக்கும்.

அப்போது துடைக்கக் கூடாது.
இது தெரிய எனக்கு
இரண்டு ஐப்பசி பிடித்தது.
ஈரத்துணியால் ஈரத்தைத் துடைத்தால்
அது இடம் மாறி உட்காரும்,
எங்களைப் போல.
கிழித்த கைலி, நன்றாகக் காய்ந்தது,
ஒரு தேய்ப்பு, ஓர் உதறல்,
பிறகு ஃபேனை ஐந்தில் வை.
கரண்ட் போனால்
பேப்பரை விரித்து அதன்மேல் நட.
மணமகன் தேவை விளம்பரமெல்லாம்
பாதத்தில் ஒட்டிக்கொண்டு
படுக்கைவரை வரும்.

அடுப்படி மூலையில் மட்டும்
ஒன்றும் பலிக்கவில்லை.
சிலிண்டர் நின்று நின்று விழுந்த துரு.
எலுமிச்சை, கல்லுப்பு, புளி,
சோடா மாவு, தேய்ந்த டூத்பிரஷ்,
யாரோ சொன்னார்களென்று ஒரு டம்ளர் கோலாகூட.
ஆசிட் விட்டால் போய்விடும் என்றேன்.
இளம்பரிதி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து
அப்போதுதான் வாசல் சாக்கில் கால் துடைத்திருந்தான்.
"அது இந்த வீட்டுக்குள்ள வேணாம்."
அவ்வளவுதான் சொன்னான்.
கை கழுவப் போனவன்
வெகுநேரம் குழாயை மூடவில்லை.

ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் தணிகாசலம் வருவார்.
பட்டப்பகலிலும் கையில் டார்ச்.
வாடகையை எண்ணாமல் பையில் வைப்பார்.
மூலையில் வெளிச்சம் அடித்து
"அட்வான்ஸ்ல கழிக்க வேண்டியிருக்கும்மா" என்பார்,
வருத்தம் மாதிரி ஒரு குரலில்.

கார்த்திகையில் பெரிய மழை.
குளியலறை ஓட்டையைத் துணிப்பந்தால் அடைத்து
செங்கல் வைத்தோம்.
வாசலில் மணல் மூட்டை.
தண்ணீர் இரண்டையும் மதித்தது.
நான் பூசிய இடுக்குகளையும் மதித்தது.
நாணயத்துக்கு டக்கென்று பதில் சொன்ன
அந்த நல்ல கற்களுக்கு நடுவில்
சின்னச் சின்ன முத்தாகக் கிளம்பியது.
கணுக்கால் அளவு, இரண்டு இரவு.
செங்கல்மேல் கட்டில், கட்டில்மேல் அரிசி,
அரிசிக்குப் பக்கத்தில் நாங்கள்.
சிலிண்டர் அடுப்பு மேடையில்,
வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் கணக்காக.

வடிந்ததும் சேறு வழித்தேன்.
தென்னந்துடைப்பம், பிளீச்சிங் பவுடர்,
முறத்தில் அள்ளிய மரவட்டைகள்.
மூலைக்கு வந்தபோது
முதல்முறையாக அந்த இடம் காலியாகக் கிடந்தது.
வளையம் ஒன்றல்ல.
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு
ஐந்து.
ஒருவர் சுவரை ஒட்டி வைத்திருக்கிறார்.
ஒருவருக்கு டியூப் எட்டவில்லை,
நான்கு விரற்கடை முன்னால் இழுத்திருக்கிறார்.
ஒன்று சின்னது, ஐந்து கிலோ சிலிண்டர்.
ஒற்றை ஆள். ஒரு தம்ளர் அரிசி.
எங்களுடையது எது?
எனக்கே தெரியவில்லை.

ஜனவரி ஒன்றாம் தேதி டார்ச் வந்தது.
"இந்தக் கறைக்கு இதுவரைக்கும்
எத்தனை பேர்கிட்ட கழிச்சீங்க சார்?"
டார்ச் அணைந்தது.
பேட்டரி போச்சு என்றார்.

இன்று வெயில். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று.
இடுக்குகளில் உப்புப் பூத்திருக்கிறது,
துடைத்தால் நாளைக்கும் பூக்கும்,
தை முடியும்வரை இப்படித்தான்.
நூற்றைம்பது ரூபாய்க்குச் சக்கரத் தட்டு ஒன்று வாங்கி
சிலிண்டரை அதில் ஏற்றிவிட்டேன்.
ஆறாவது வளையம் விழாது.
காலி செய்யும்போது
தட்டை விட்டுவிட்டுப் போவதா, எடுத்துப் போவதா
என்பதுதான் இன்னும்
முடிவாகவில்லை.