ஒரே வசனம்

சாம்பியாவில், சோமா ஊர்ச் சபையில்
இடப்பக்கம் மூன்று பெஞ்சுகள்
காது கேளாதவர்களுக்கு.
எதிரே முதிந்தா நிற்கிறாள்,
உள்ளங்கை ஈரத்தை இடுப்புத்துணியில் துடைத்தபடி.

பாஸ்டர் ஹமூங்கா வாசிக்கிறார்:
சபை கூடும்போது பெண்கள் வாய் திறக்கலாகாது.
அவள் திறக்கவில்லை.
உதட்டின் மேல் விரலை வைத்து
அதையும் மொழிபெயர்க்கிறாள்,
ஒரு சொல் சிந்தாமல்.

சைக்கிள் பழுதுபார்க்கும் சோல்வே
கிரீஸ் போகாத கைகளை உயர்த்துகிறான்:
எந்தப் பெண்கள்?
அன்றைக்கு என்னதான் கேட்டார்களாம்?

தகரக்கூரையை மழை பிடித்துக்கொண்டது.
விரல்கள் இப்போது அவளுடையவை:
நம்மிடம் இருப்பது பதில் கடிதம்.
அங்கிருந்து எழுதிக் கேட்டது
தொலைந்துபோயிற்று.
யார் எழுதினார்களோ.

வசனத்தில் விரலை வைத்துக் காத்திருந்த பாஸ்டர்
அவள் கைகள் ஓய்ந்ததும் குனிந்து கேட்டார்,
மழைக்கு மேலாகக் கத்தி:
ஒரே வசனம்தானே அம்மா,
இவ்வளவு நீளமா?