காலிக் கட்டம்

சான்றிதழில் மற்றதெல்லாம் இருக்கிறது.
அப்பா பெயர் பெலவேந்திரன்,
அம்மா பெயர் அடைக்கலமேரி, அது நான்,
பிறந்த இடம் எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரி.
பெயர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு.
ஒரு வருஷத்துக்குள் வந்து எழுதிக்கோ என்றார்கள்.
ஒன்பது மாசம் ஓடிவிட்டது.
நாங்கள் கூப்பிடுவது ‘டேய்’.
அதற்கே திரும்பிப் பார்க்கிறான்.

மாமனார் பெயர் சூசை.
அவர் காலத்தில் உப்பளம் மைதானத்தில் நின்று
சூசை என்று ஒரு குரல் கொடுத்தால்
பந்தை விட்டுவிட்டு நாலு பேர் திரும்புவார்களாம்.
இன்றைக்குக் கூப்பிட்டால்
கோல் கம்பம்கூட ஏன் என்று கேட்காது.

நாத்தனார் ஜாக்குலின் சர்செல்லிலிருந்து
வீடியோவில் வந்தாள்.
பெயர்களெல்லாம் இப்போது போனிலேயே
ரேஷன் வரிசைபோல நிற்கிறதாம்,
எத்தனையாவது இடம் என்ற நம்பரோடு.
எபிரேயம் என்று தட்டினாள்.
ஏத்தன், நோவா, லேவி, ஆரோன்.
பெலவேந்திரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
‘அப்பா பேரு ரொம்பக் கீழ கெடந்துச்சு அண்ணி,
இப்ப மறுபடி ஏறுது.
கெழவர் பேரை கொழந்தைக்கு வெக்கிறதுதான் இங்க ஃபேஷன்.’
எந்த அப்பா பேரு?
‘ழோசெஃப். நம்ம சூசைதான்.’

எனக்கு அது தெரியாது.
சூசை என்றால் சூசை.
யோசேப்பு என்று எங்கோ கிளம்பி,
ஊருக்கு ஒரு வேட்டி மாற்றி,
எந்தக் கப்பலிலோ உப்புத் தண்ணீர் குடித்து,
நம் கரையில் இறங்கும்போது
பாதிப் பல் கொட்டியிருக்கிறது.
முனையில் பஞ்சர் ஒட்டும் யூசுப் பாய்க்கும்
இதே பேர்தான் என்றாள்.
பாயிடம் போய்ச் சொன்னேன்.
‘அதுக்காக பஞ்சருக்குக் காசு குடுக்காம போயிடாத’ என்றார்.

அர்த்தம்: கூட்டித் தருவார்.
இன்னும் ஒன்றைக் கடவுள் கூட்டித் தருவார்.

ராத்திரி பைபிளை எடுத்துப் பார்த்தேன்.
இராக்கேல் வைத்த பெயர்.
என் நிந்தையை எடுத்துப்போட்டார் என்றாள்,
அதே மூச்சில்
இன்னொரு மகனையும் கூட்டட்டும் என்றாள்.
எடுப்பதற்கு அசாஃப், சேர்ப்பதற்கு யோசேஃப்,
அந்தப் பாஷையில் சுவரொட்டிய வீடுகள் என்று
அடிக்குறிப்பு.
கேட்டபடி கூட்டினார்.
வழியில் பிறந்த அந்த இரண்டாவது
அவளையே கழித்தது.
மூடி வைத்துவிட்டேன்.

எங்களுக்கும் முதலில் ஒன்று இருந்தது.
எட்டு நாள்.
அந்தக் காகிதத்திலும் கோடுதான்.
அதை வந்து எழுதிக்கோ என்று யாரும் சொல்லவில்லை.

காலை நாலரைக்குக் கடற்கரைச் சாலை என்னுடையது.
ஐஸ்கிரீம் குச்சி, சுண்டல் காகிதம்,
பாறை இடுக்கில் பாட்டில்,
யாரோ ஒருவருடைய வலது கால் செருப்பு.
கலங்கரை விளக்கம் தாண்டும்போது
சூப்பர்வைசர் வண்டியை நிறுத்தினார்.
எவ்வளவு ஆச்சு?
‘பாதி கூட்டிட்டேன் சார்.’

சொன்ன வாய் அப்படியே நின்றது.

வெளியே தள்ளுவதும் கூட்டுவதுதான்.
உள்ளே சேர்ப்பதும் கூட்டுவதுதான்.
அவளுக்கு இரண்டு சொல் வேண்டியிருந்தது.
நான் ஒன்றை வைத்துக்கொண்டு
ஆறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்.
‘என்ன, மயக்கமா?’ என்றார்.
இல்லை என்றேன்.
மீதிப் பாதியையும் கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டு
நகராட்சிக்குப் போனேன். இடுப்பில் டேய்.
ஜோசப்பா, யோசேப்பா?
சூசை.
கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
‘இதை இப்ப யாரு வெக்கிறா?’
நான்.
‘இங்கிலீஷ்ல கேக்குது கம்ப்யூட்டர்.
எழுத்துக் கூட்டிச் சொல்லும்மா.’

கூட்டினேன்.
நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன்.
அவரே சேர்த்துக்கொண்டார்.